மூடுபனியை வைத்து ஒரு படைப்பு: பறை, ஆட்டம், ஒலி, ஒளி, தையல் என்று ஐந்து துறைக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யக் கற்பது எப்படி?

#1 கேத்தி_கம்பி

வணக்கம். இடம் கோத்தகிரிப் பக்கம், இப்போது இயங்காத ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இலை வாட்டும் மாடி. 25 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், தகரக் கூரை, மரத்தளம். ஜனவரி கடைசி வாரத்தில் மூன்று மாலைகள், 20 நிமிடப் படைப்பு. வெளியே மூடுபனி எவ்வளவு அடர்த்தி என்று அளந்து, அதற்கேற்ப உள்ளே ஒலியும் ஒளியும் மாறவேண்டும். பறை வாசிப்பவர், ஆடுபவர், ஒலிக்கு நிரல் எழுதுபவர், வீடியோவும் விளக்கும் பார்ப்பவர், துணியில் தையல் வேலை செய்பவர் இருக்கிறார்கள். மின்னணு வேலை என்னுடையது. கையில் 12 வாரம்.

அவரவர் வேலையில் எல்லோரும் தேர்ந்தவர்கள். ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைத் தொடும் இடத்தை எப்படிக் கையாள்வது என்பதுதான் கேள்வி. யார் முதலில் தொடங்குவது? பனிக்கு டிஎச்டி22 ஈரப்பத சென்சார் போதுமா?

#2 அரவேணு_ஒலி

யார் முதலில் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எல்லோரும் ஒரே நாளில், மிக மோசமான வடிவத்தில் தொடங்குங்கள். முதல் வாரத்திலேயே ஒரு சென்சார், ஒரு கணினி, ஒரு ஸ்பீக்கர், ஒரு விளக்கு, தரையில் ஆடுபவர். சென்சாருக்குப் பதில் ஒரு திருகு பொட்டென்ஷியோமீட்டர் இருந்தாலும் போதும். அதைத் திருகினால் ஒலி மாறவேண்டும், விளக்கு மாறவேண்டும், ஆடுபவர் அதைப் பார்த்து ஏதாவது செய்யவேண்டும். அழகு பிறகு வரும். முனைக்கு முனை ஓடும் ஒரு கோடு கையில் இருந்தால்தான் அவரவர் தன் துண்டை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்க முடியும். மாறாக, ஐந்து பேரும் 10 வாரம் தனித்தனியாகச் செதுக்கி 11ஆவது வாரத்தில் இணைத்தால், இணைப்பு வேலையே மிச்ச நாளைத் தின்றுவிடும்.

இரண்டாவது, சிக்னல் தாள். ஒரே ஒரு தாள், சுவரில் ஒட்டியிருக்கவேண்டும். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு வரி: பெயர், யார் அனுப்புகிறார், யார் யார் வாங்குகிறார்கள், குறைந்த எண், கூடிய எண், விநாடிக்கு எத்தனை முறை, நின்றுபோனால் என்ன நடக்கவேண்டும். பெரும்பாலானோர் விடுவது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான்.

பனி அளவுக்கு எழுதிக் காட்டுகிறேன். அனுப்புவது மின்னணுக்காரர். வாங்குவது ஒலி, ஒளி இரண்டும். 0 என்றால் தெளிவு, 1 என்றால் கை நீட்டினால் விரல் தெரியாத பனி. விநாடிக்கு 20 முறை. 3 விநாடி செய்தி வராவிட்டால் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு, அடுத்த 10 விநாடியில் மெதுவாக 0.3க்கு இறங்கு. அளவை 0 முதல் 1 வரை மாற்றும் வேலையை அனுப்புபவரே செய்யவேண்டும். வாங்குபவர் ஆளாளுக்கு மாற்றினால், சென்சாரை மாற்றும் நாளில் இரண்டு நிரலைத் திருத்தவேண்டி வரும்.

கலை மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று எண்களை அனுப்பும் செய்தி முறையான ஓஎஸ்சி வழியாக அனுப்புங்கள். பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர், பிராசஸிங், டச்டிசைனர் எல்லாம் அதைப் படிக்கும். ஓஎஸ்சி முகவரிகளை ஆங்கில எழுத்தில் மட்டும் வையுங்கள், தமிழ் எழுத்தைப் பல மென்பொருள்கள் அங்கே ஏற்பதில்லை. ஓஎஸ்சி பெரும்பாலும் யுடிபியில் போகும். அதாவது ஒரு செய்தி வழியில் தொலைந்தால் யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். தொடர்ந்து வரும் பனி அளவுக்கு அதனால் கேடில்லை. "இப்போது இருட்டு" என்ற ஒற்றைக் கட்டளை தொலைந்தால் காட்சியே போச்சு. அதனால் கட்டளையைத் தனியாக அனுப்பாமல் "இப்போது காட்சி எண் 4" என்ற நிலையை விநாடிக்கு 5 முறை அனுப்பிக்கொண்டே இருங்கள். ஒன்று தொலைந்தாலும் 200 மில்லிசெகண்டில் அடுத்தது வந்துவிடும்.

தகரக் கூரையின் கீழே, பார்வையாளர்கள் 60 பேர் கைபேசியோடு வந்தால் வைஃபை தடுமாறும். கணினிகளுக்கு ஈதர்நெட் கம்பி போட்டுவிடுங்கள், 100 மீட்டர் வரை கவலையில்லை. ஐபி எண்ணை ஒவ்வொரு கருவிக்கும் நிலையாகக் கொடுத்து அதையும் தாளில் எழுதுங்கள்.

#3 மஞ்சூர்_பனி

சிக்னல் தாள் பற்றி ஒலி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கம்பி, டிஎச்டி22 வாங்காதீர்கள். பனி இறங்கிவிட்டால் ஈரப்பதம் 99, 100 என்று போய் அங்கேயே நின்றுவிடும். லேசான பனியும் 100, கண்ணை மறைக்கும் பனியும் 100. உங்களுக்கு வேண்டிய வேறுபாடு முழுக்க அந்த 100க்குள்ளேதான் இருக்கிறது. போதாததற்கு, அந்த சென்சார் நனைந்தால் காய்ந்து பழைய நிலைக்கு வர நெடுநேரம் எடுக்கும்.

அளக்கவேண்டியது பனித்துளிகள் சிதறடிக்கும் ஒளியை. செலவு குறைவு. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி ஒன்று. ஒளியை மின்னோட்டமாக மாற்றும் பிபிடபிள்யூ34 எஃப் போட்டோடயோடு ஒன்று, இந்த எஃப் வகைக்குப் பகல் ஒளியை வடிக்கும் கருப்பு உறை இருக்கும். அந்த மின்னோட்டத்தைப் பெருக்க எம்சிபி6002 ஆப்-ஆம்ப், 100 கிலோ ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர். அளவை எண்ணாக்கும் ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் மாற்றி. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 கட்டுப்பாட்டுச் சில்லு. ஒன்றரை அங்குல பிவிசி குழாய் இரண்டு துண்டு, உள்ளே மங்கலான கருப்புப் பெயின்ட்.

எல்இடியையும் டயோடையும் நேருக்கு நேர் வைக்கக்கூடாது. இரண்டு குழாயும் முன்னால் ஒரு புள்ளியில் குறுக்கிடும்படி சாய்த்து வையுங்கள். எல்இடி ஒளி நேராகப் போகும் திசையிலிருந்து 35, 40 பாகை விலகி டயோடு பார்க்கவேண்டும். தெளிந்த காற்றில் டயோடுக்கு ஒன்றுமே தெரியாது. பனி வந்தால் துளிகள் ஒளியை அந்தப் பக்கம் தள்ளும். எல்இடியை எரியவிட்டு ஒரு அளவு, அணைத்து ஒரு அளவு, இரண்டையும் கழியுங்கள். சுற்றுப்புற வெளிச்சம் அதிலேயே போய்விடும். இப்படி எடுத்த கடைசி 50 ஜோடியின் ஓடும் சராசரி.

இரண்டு எச்சரிக்கை. ஈஎஸ்பி32இன் சொந்த ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) நேர்கோட்டில் அளக்காது, அதிலும் ஏடிசி2 முனைகள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. அதனால்தான் ஏடிஎஸ்1115. இன்னொன்று, குழாயின் வாயில் நீர்த்துளி கோர்த்தால் பனியே இல்லாமல் 1 காட்டும். குழாயை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயை எல்இடிக்கு அப்பால் 6 சென்டிமீட்டர் நீட்டி, உள்ளே ஒரு ரெசிஸ்டரில் அரை வாட் சூடு கொடுத்தால் துளி பிடிக்காது. சிலந்தி வலையும் அதே தவறைச் செய்யும். வாரம் ஒருமுறை துடைக்கவேண்டும்.

அளவைச் சரிபார்ப்பதில் ஆடுபவரைச் சேருங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். 5, 10, 20, 50 மீட்டரில் நான்கு மூங்கில் நட்டு, எந்த மூங்கில் வரை தெரிகிறது என்று அவர் நேரத்தோடு எழுதட்டும். சென்சார் எண்ணும் அந்த நேரத்தோடு பதிவாகட்டும். பத்து நாளில் "0.6 என்றால் பத்து மீட்டர் மூங்கில் மறையும்" என்பது இருவருக்கும் ஒரே பொருளில் தெரியும். பிறகு ஒத்திகையில் அவர் 0.6 என்று சொன்னாலே போதும்.

#4 அரவேணு_ஒலி

மஞ்சூர் சொல்வதை ஏற்கிறேன், ஈரப்பதத்தை நான் யோசிக்கவே இல்லை. ஒலிப்பக்கம் ஒரு தொடர்ச்சி: பனி நிமிடக் கணக்கில் மாறுவது. அதை நேராகச் சுருதிக்குக் கட்டினால் பார்வையாளர் காதுக்கு ஒன்றும் கேட்காது, அல்லது சென்சாரின் நடுக்கம்தான் கேட்கும். 4 விநாடி சராசரி எடுத்து, எத்தனை ஒலி அடுக்கு ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதற்குக் கட்டுங்கள். விரைவான மாற்றங்களைப் பறைக்கு விட்டுவிடலாம்.

#5 எல்லநள்ளி_தாளம்

பறை பற்றிப் பேச்சு வந்ததால்.

மேடையில் ஒலிக்காரரும் வாசிப்பவரும் ஒரே சொல்லை வேறு பொருளில் சொல்வது பெரிய சிக்கல். "டிலே" என்றால் வாசிப்பவருக்கு அவர் அடித்ததற்கும் ஸ்பீக்கரில் கேட்பதற்கும் இடையே உள்ள தாமதம், அது குறை. ஒலிக்காரருக்கு அது ஒரு விளைவு, வேண்டுமென்றே சேர்ப்பது. "லெவல்", "கியூ", "லூப்" எல்லாம் இப்படித்தான். சிக்னல் தாளுக்குப் பக்கத்தில் சொல் தாள் ஒன்றும் ஒட்டுங்கள். இருபது சொல் போதும்.

தாமதத்தை எண்ணாகச் சொல்கிறேன். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒருமுறைக்கு எடுக்கும் ஒலித் துண்டு) 2.7 மில்லிசெகண்ட். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, மாற்றிகளின் தாமதம் எல்லாம் சேர்த்து 8, 9 வரும். அதோடு காற்று: மலைக் குளிரில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர், ஆக 3 மீட்டருக்கு 9 மில்லிசெகண்ட். மொத்தம் 18. வாசிப்பவர் தாங்குவார். 25 மீட்டர் கோடியில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து அதே அடி காற்றில் மட்டுமே 74 மில்லிசெகண்ட் தாமதித்து வந்தால் தாளம் குலையும். அவருக்கு 2 மீட்டருக்குள் தனியாக ஒரு சிறு மானிட்டர் கொடுங்கள். கோடி ஸ்பீக்கரில் பறையை விடவே வேண்டாம், அடுக்குகள் மட்டும் போகட்டும்.

அடியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பீசோ வட்டு 27 மில்லிமீட்டர். தோலில் ஒட்டாதீர்கள், சட்டகத்தின் உட்பக்கம் வையுங்கள். பறைக்குச் சூடு காட்டவேண்டும், தோலில் பசையும் பீசோவும் இருந்தால் இரண்டும் கெடும். பீசோவை நேராக மிக்சரின் மைக் நுழைவாயிலில் செருகினால் அடித்தொனி முழுக்கப் போய்த் தகரச் சத்தம்தான் வரும். குறைந்தது 1 மெகா ஓம் உள்நுழைவு உள்ள ப்ரீஆம்ப் வேண்டும்.

இனி எல்லாத் துறைக்காரர்களும் தெரிந்துகொள்ளவேண்டியது: தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும். காய்ச்சி எடுத்த பறை உங்கள் மாடிக்குள் வந்ததுமே இறங்கத் தொடங்கும். தளர்ந்தால் சத்தம் மட்டுமல்ல, பீசோவின் உச்ச அளவும் குறையும், அடியை உணரும் வரம்பு எட்டாமல் போய் விளக்கு எரியாது. நிரலில் தவறு என்று தேடுவார்கள், தவறு தோலில் இருக்கும். ஆகவே இரண்டு பறை. ஒன்று மேடையில், ஒன்று நெருப்பருகே. 20 நிமிடத்தில் ஒருமுறை மாற்றும் இடம் ஆட்டத்திலேயே வரவேண்டும். வரம்பை நிலையான எண்ணாக வைக்காமல், கடைசி 30 விநாடியின் உச்சத்தில் 40 சதவீதம் என்று வைத்தால் தோலோடு சேர்ந்து அதுவும் இறங்கும். நெருப்பு கட்டடத்துக்கு வெளியே, கல் தரையில் இருக்கட்டும். பழைய வாட்டும் மாடியில் காய்ந்த மரமும் தேயிலைத் தூசியும் இருக்கும், உள்ளே ஒரு பொறிகூட ஆகாது.

கடைசியாக, வாசிப்பவரைக் கணினியின் கிளிக் சத்தத்துக்கு அடிக்கவைக்காதீர்கள். கணினி அவருக்குப் பின்னால் வரட்டும்.

#6 குன்னூர்_ஒளி

வீடியோ, விளக்குப் பக்கம் மட்டும்.

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். பெரும்பாலான புரொஜெக்டர்களின் மெனுவில் உயர் மலைப்பகுதி அமைப்பு என்று ஒன்று உண்டு. 1,500 மீட்டருக்கு மேல் அதைப் போட்டாகவேண்டும். காற்று அடர்த்தி குறைவு, விசிறி வழக்கமான வேகத்தில் சுற்றினால் சூடு இறங்காது. சமவெளியிலிருந்து வாடகைக்கு வரும் கருவியில் அது அணைந்தே இருக்கும். விளைவு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அணையும். போட்டால் விசிறிச் சத்தம் கூடும், அதை ஒலிக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். புரொஜெக்டரைப் பார்வையாளர் தலைக்கு மேல் தொங்கவிடாமல் பின்சுவருக்குத் தள்ளும் முடிவு இங்கேதான் வரும்.

குளிர்ந்த வண்டியிலிருந்து இறக்கிய கருவியைச் சூடான அறையில் உடனே திறந்தால் லென்ஸின் உட்பக்கம்கூட நீர் பூக்கும். பிளாஸ்டிக் உறையில் கட்டியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள், பிறகு திறங்கள்.

விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கம்பி வரிசையின் கடைசி விளக்கில் 120 ஓம் முனையடைப்பு போடுங்கள். மைக் கம்பியை டிஎம்எக்ஸுக்குப் பயன்படுத்தாதீர்கள். இரண்டில் எதைத் தவறினாலும் விளக்குகள் தானாகத் துடிக்கும், பனி சென்சாரைச் சந்தேகிப்பீர்கள்.

துறை தாண்டும் தவறுகளில் மிகப் பழையது சாம்பிள் வேகம். ஒலிக்காரர் 44.1 கிலோஹெர்ட்ஸில் கொடுத்த கோப்பை, மாற்றாமல் 48இல் ஓடவிட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். 20 நிமிடம் 18 நிமிடம் 22 விநாடியில் முடிந்துவிடும். ஆடுபவர் இன்னும் நடுவில் நிற்பார். முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்: ஒலி எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வீடியோ எல்லாம் விநாடிக்கு 25 ஃபிரேம்.

#7 கேத்தி_கம்பி

மிக்க நன்றி. எல்லாம் குறித்துக்கொண்டேன். டிஎச்டி22 பட்டியலிலிருந்து நீங்கியது.

தையல் பக்கம்: ஆடுபவரின் போர்வையில் மின்கடத்தும் நூலால் பூவேலை செய்து, தொட்டால் ஒலி எழவேண்டும் என்று எண்ணம். தோடர் பூத்தையல் பாணியில் செய்யலாமா?

#8 கூடலூர்_ஊசி

தம்பி, இரண்டு கேள்வி இதில் இருக்கிறது. தொழில்நுட்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஃகு இழை நூல் நல்லது, வெள்ளி பூசிய நூல் இந்த ஈரத்தில் கறுத்து மின்தடை ஏறும். எஃகு நூலில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. சட்டைக்குப் போடும் உலோக பிரஸ் பட்டனைத் துணியில் வைத்து நூலை அதில் ஆறு சுற்று இறுக்கித் தைத்து, பட்டனின் மறுபாதியில் கம்பியைப் பற்றவையுங்கள். போர்வையைக் கழற்றித் துவைக்கவும் முடியும். தொடுதலை உணர எம்பிஆர்121 சில்லு. அது அடிநிலை அளவைத் தானாகத் திருத்திக்கொள்ளும், ஈரத்தால் மெல்ல ஏறும் அளவு அதில் சமாளிக்கப்படும். ஆனால் துணி நனைந்தால் பக்கத்துப் பக்கத்துப் பூக்கள் ஈரத்தின் வழியே ஒன்றாகிவிடும். இரண்டு கடத்தும் பகுதிக்கு நடுவே 2 சென்டிமீட்டர் விடுங்கள், அடியில் நீர் ஒட்டாத நைலான் உள்துணி கொடுங்கள். ஆடுபவர் வியர்ப்பதும் ஈரம்தான், முதுகில் எதுவும் வைக்காதீர்கள்.

இனி இரண்டாவது. தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரட்டுப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், இழைகளை எண்ணிப் போடுவது, அச்சு வரைந்துகொள்வதில்லை, இரண்டு பக்கமும் காட்டக்கூடிய வேலை. "பாணியில்" என்று வெளியே ஒருவர் போட்டால் அது நகல். தோடர் பெண் ஒருவரைத் தையல்காரராக வேலைக்கு எடுப்பது வேறு, இணைக் கலைஞராகச் சேர்ப்பது வேறு. இரண்டாவதுதான் வேண்டும் என்றால் முதல் வாரமே அழையுங்கள். மின்நூல் இரு பக்கமும் தெரியும் வேலைக்குள் எங்கே ஓடலாம், எங்கே ஓடக்கூடாது என்று அவர் சொல்வதைக் கேட்டுச் சுற்று வரைபடத்தை மாற்றுங்கள். 10ஆவது வாரம் ஒரு வரைபடத்தோடு போய் "இப்படித் தைத்துத் தாருங்கள்" என்று கேட்பது கூட்டுவேலை ஆகாது. கூலி மணிக்கணக்கில், நிரல் எழுதுபவருக்கு என்ன வீதமோ அதே வீதம். எண்ணித் தைக்கும் வேலை நிரல் எழுதுவதற்குக் குறைந்ததல்ல.

#9 எல்லநள்ளி_தாளம்

ஊசி அக்கா சொன்னதோடு ஒலிக்கும் ஒன்று சேர்க்கிறேன். யாராவது நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் இசைப் பதிவைத் துண்டு போட்டுப் பயன்படுத்தலாம் என்று யோசித்தால் நிறுத்தி யோசியுங்கள். கோத்தர்களிடம் தெய்வத்துக்கான மெட்டு வேறு, சாவுக்கான மெட்டு வேறு, ஆட்டத்துக்கான மெட்டு வேறு. சாவு மெட்டின் இரண்டு விநாடித் துண்டை, பார்வையாளர் துணியைத் தொட்டால் ஒலிக்கும்படி வைத்தால் என்ன ஆகும் என்று அந்தக் கணினிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும். வாசிப்பவரையே கேட்டு, எந்த மெட்டு, எங்கே, எத்தனை முறை என்று எழுதி வாங்காமல் எடுக்கவேண்டாம்.

#10 உதகை_வாசகர்

இந்தக் கூட்டுவேலை முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, உங்கள் பனிப் படைப்புக்கு நேரடியாகப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

1966 அக்டோபர் 13 முதல் 23 வரை நியூயார்க்கில் ஒரு பழைய ராணுவக் கூடத்தில் 'ஒன்பது மாலைகள்' நடந்தது. 10 கலைஞர்கள், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 30 பொறியாளர்கள். பில்லி குளூவர் என்ற பொறியாளரும் ராபர்ட் ராஷன்பெர்க் என்ற ஓவியரும் முன்னின்றார்கள். ராஷன்பெர்க்கின் படைப்பில் டென்னிஸ் மட்டையின் கைப்பிடிக்குள் சிறு எஃப்எம் ஒலிபரப்பி. பந்து மட்டையில் படும் ஒவ்வொரு முறையும் ஓசை கூடம் முழுக்க அதிரும், ஒரு விளக்கு அணையும். எல்லாம் அணைந்தபின் இருட்டில் நிற்கும் கூட்டத்தை அகச்சிவப்புக் கேமரா திரையில் காட்டியது. கவனியுங்கள், ஆட்டக்காரர் எதையும் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்த அடியே சிக்னல். உங்கள் பறைக்காரருக்கும் அதே நியாயம் பொருந்தும்.

அதிலிருந்து பிறந்த ஈஏடி (எக்ஸ்பெரிமென்ட்ஸ் இன் ஆர்ட் அண்ட் டெக்னாலஜி) அமைப்பு கலைஞரையும் பொறியாளரையும் இணைத்துவிடும் வேலையைச் செய்தது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கை ஃபூஜிகோ நகாயா நீர்ப்பனியால் மூடினார். அவர் கலைஞர், வெண்பனிப் படிக ஆய்வாளர் உகிச்சிரோ நகாயாவின் மகள். தாமஸ் மீ என்ற அறிவியலாளரோடு சேர்ந்து, ரசாயனம் எதுவும் இல்லாமல் வெறும் நீரை உயர் அழுத்தத்தில் நுண்துளை வழியே அடித்துப் பனி செய்தார். நகாயா கேட்டது "புகை மாதிரி ஏதாவது" அல்ல, மூச்சு விடக்கூடிய நிஜ நீர்ப்பனி. கலைஞர் விட்டுக்கொடுக்காத அந்த ஒரு நிபந்தனையால்தான் பொறியியலே புதிதாகப் பிறந்தது. நம் நாட்டில் 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் வந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைக்க உதவியதும் இதே காலம்.

ஆகவே ஒவ்வொருவரும் தான் விட்டுக்கொடுக்கமுடியாத ஒன்றை, ஒன்றே ஒன்றை, எழுதிக் கொடுங்கள். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம்.

#11 குந்தா_மின்

மின்சாரம் பற்றி யாரும் எழுதவில்லை. கணக்கு: புரொஜெக்டர் இரண்டும் சேர்த்து 700 வாட், எல்இடி பார் விளக்கு 12 எண்ணம் தலா 60 வாட் என்றால் 720, ஸ்பீக்கர் நான்கும் சேர்த்து 1,200, கணினி, ரூட்டர் எல்லாம் 300. மொத்தம் 2,920 வாட். 230 வோல்ட்டில் 12.7 ஆம்பியர். எண் அடங்குகிறதே என்று எல்லாவற்றையும் ஒரே 16 ஆம்பியர் பிளக்கில் போடக்கூடாது. ஒலி ஒரு சர்க்யூட், ஒளி இன்னொரு சர்க்யூட், எர்த் மட்டும் ஒன்று. எர்த் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் முனகல் விடாது. அந்த முனகலைப் போக்க எர்த் பின்னை வெட்டுபவர்கள் உண்டு. ஈரத் தளம், தகரக் கூரை, வெறுங்காலில் ஆடுபவர். செய்யவே கூடாது. ஒலிக் கம்பியின் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி போட்டால் முனகல் போகும்.

மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், ஒவ்வொரு மாலையும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பழைய தொழிற்சாலை பேனலில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் தவிர யாரும் கை வைக்கவேண்டாம். ரூட்டருக்கும் ஒலிக் கணினிக்கும் ஒரு ஸ்பீக்கருக்கும் மட்டும் ஒரு யுபிஎஸ். மின்சாரம் போனாலும் பறையும் அடுக்கும் கேட்கும், இருட்டில் ஆட்டம் நடக்கும், காட்சி முறியாது. வெளியே போகும் கம்பி சென்சார் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விடுங்கள், நீர் அங்கே சொட்டிவிடும். கம்பியைத் தரையில் போடவேண்டாம், காட்டுமாடு வரும் பகுதி என்றால் இரண்டரை மீட்டர் உயரம்.

#12 கேத்தி_கம்பி

தீர்மானம் எடுப்பது யார்? ஐந்து பேரும் ஓட்டுப் போடுவதா? படைப்பு யார் பெயரில்?

#13 கூடலூர்_ஊசி

ஓட்டு வேண்டாம். தொடும் இடத்துக்கு ஒருவர் பொறுப்பு. பறைக்கும் ஒலிக்கும் நடுவே வாசிப்பவர். ஒளிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஆடுபவர். பனிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவே நீங்கள். "நிறுத்து" என்று சொல்லும் உரிமை மட்டும் எல்லோருக்கும்.

பெயர் விஷயம்: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கூட்டுப் படைப்பு என்பது ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரிக்கமுடியாதபடி இருப்பது. உங்களுடையதில் நிரல், வீடியோ, துணி எல்லாம் பிரித்தெடுக்கக் கூடியவை. எனவே எழுதிக்கொள்ளாவிட்டால் குழப்பம் வரும். ஒரு பக்கம் போதும். யார் பெயர் எந்த வரிசையில், பதிவு செய்த வீடியோவை யார் எங்கே காட்டலாம், ஒருவர் விலகினால் அவர் துண்டை மற்றவர்கள் பயன்படுத்தலாமா, துணி யாரிடம் போகும். நான்காம் வாரத்துக்குள் கையெழுத்து. பணம் வந்தபின் எழுத உட்கார்ந்தால் முடியாது.

#14 மஞ்சூர்_பனி

ஒன்று கேட்க மறந்தேன். ஜனவரி கடைசி என்கிறீர்கள். கோத்தகிரிச் சரிவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பனி மூடும். ஜனவரி கடைசியில் வானம் துல்லியமாக இருக்கும், இரவில் குளிர் இருக்கும், உங்களுக்கு வேண்டிய மூடுபனி மூன்று மாலையும் வராமல் போகலாம். அப்போது சென்சார் 0.02 காட்டும். படைப்பு என்ன செய்யும்?

#15 அரவேணு_ஒலி

பதிவு செய்துவைக்கலாமே. சென்சார் இந்த வாரமே ஏறட்டும். நவம்பர், டிசம்பர் முழுக்கப் பனியை எழுதிவைத்து, அதிலிருந்து 20 நிமிடம் ஓட்டலாம். ஒத்திகைக்கும் அதுவே வேண்டும். பனி வரும்வரை ஐந்து பேர் காத்திருக்க முடியாது.

#16 எல்லநள்ளி_தாளம்

ஒத்திகைக்குச் சரி. காட்சியில் எனக்கு ஒப்பில்லை. வெளியே நட்சத்திரம் தெரியும்போது உள்ளே பனி என்று சொல்வது பார்வையாளரை ஏமாற்றுவது. பனி இல்லாத மாலையில் பறை மட்டும் ஒலிக்கட்டும், விளக்கு ஒன்று எரியட்டும். அதுவும் அன்றைய பனியின் அளவுதான்.

#17 உதகை_வாசகர்

தாளம் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அப்படியானால் 0.02க்கும் ஒரு முழுப் படைப்பு இருக்கவேண்டும், ஒத்திகையும் அதற்குத் தனியாக வேண்டும். மிச்சம் என்று விடக்கூடாது. ஆடுபவருக்கு அந்த 20 நிமிடம்தான் மிகக் கடினம், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

#18 கேத்தி_கம்பி

பேசிவிட்டோம். ஆடுபவர்தான் முடிவு சொன்னார், பனிக்கும் அவருக்கும் நடுவே இருக்கும் பொறுப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். காட்சியில் நேரடிப் பனி மட்டும். பதிவுக் கோப்பு ஒத்திகைக்கு. ஒத்திகை நாட்களில் பாதி 0.1க்குக் கீழே உள்ள பதிவுகளோடு. சிக்னல் தாளில் பனி வரியில் "நின்றுபோனால் 0.3" என்பதை அடித்துவிட்டு "நின்றுபோனால் 0" என்று எழுதியிருக்கிறோம். சென்சார் செத்தால் தெளிந்த வானம், இல்லாத பனியை அது காட்டாது.

கோப்பை எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள், நாளை ஏற்றுகிறேன்.

#19 மஞ்சூர்_பனி

சாதாரண எழுத்துக் கோப்பு, காற்புள்ளி பிரித்தது, நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு வரியிலும் நேரம், எல்இடி எரியும்போது வந்த எண், அணைந்தபோது வந்த எண், கழித்த எண், 0 முதல் 1 அளவு, பெட்டிக்குள் வெப்பம். கழித்ததை மட்டும் சேமிக்காதீர்கள், மூல எண்கள் இருந்தால்தான் பிறகு அளவைத் திருத்தமுடியும். விநாடிக்கு 20 வரி என்றால் நாளுக்கு 17 லட்சம் வரி, 100 மெகாபைட் வரை போகும். எஸ்டி கார்டு 32 ஜிபி தாராளம். நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரச் சில்லு வையுங்கள், வைஃபை இல்லாத இரவிலும் நேரம் தவறாது. கோப்பை ஒவ்வொரு நிமிடமும் மூடித் திறங்கள், மின்சாரம் போனால் ஒரு நிமிடம்தான் போகும்.

மூங்கில் நான்கையும் அதே நாளில் நட்டுவிடுங்கள். பின்னால் நட்டால் அதுவரை பதிவானதற்குப் பொருள் சொல்ல ஆளிருக்காது.